மலர்ப் பள்ளத்தாக்கும் ஒரு முழுத்தாள் காகிதமும்

(ஆண்டு ஒன்றுகூடலையொட்டி நடந்த மாணவர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கல்லூரி மாணவர்கள் சிலர் அடுத்த ஆண்டு இமயமலைக்குப் போகத் திட்டம் போட்டிருப்பதாகவும், "நீங்கதான் போயிட்டு வந்தவராச்சே, ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றும் சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மலையேறும் வீரன் இல்லை. கட்டடம் கட்டும் சாதாரண சிவில் இன்ஜினியர். 2010-ல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனவன். 2022 ஆகஸ்டில் என் வகுப்பு, விடுதி நண்பர்கள் ஐந்து பேரோடு உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தேன். அவ்வளவுதான் என் தகுதி. அந்த ஒரு பயணத்தை எப்படித் திட்டமிட்டோம், அந்தத் திட்டத்தில் எது உதவியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேற்ற வீரர் 1931-ல் காமெட் சிகரத்தில் ஏறிவிட்டுத் திரும்பும் வழியில் தம் குழுவினரோடு ஒரு கணவாயைக் கடந்து இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினார். கண்ட காட்சி அவரை விடவில்லை. 1937-ல் மறுபடி வந்து தங்கி, 1938-ல் ஒரு புத்தகமே எழுதினார். மலர்ப் பள்ளத்தாக்கு என்ற பெயர் உலகமெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். 1982-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2005-ல் நந்தாதேவி பூங்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. பரப்பு 87.5 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் 500-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள். நடுவே புஷ்பாவதி ஆறு ஓடுகிறது.

அங்கே ஒரு கல்லறையும் இருக்கிறது. செடிகளைச் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி 1939-ல் அங்கே பாறைச் சரிவில் தவறி விழுந்து இறந்து போனார். பூப்பார்க்கப் போகிற இடம்தானே என்று யாரும் அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திட்டம் போடுவது நமக்குப் புதிதா என்ன? ஸ்டடி லீவில் நாம் எல்லோரும் டைம்டேபிள் போட்டவர்கள்தான். காலை நாலு மணிக்கு எழுந்திருப்பது, நாலரைக்கு முதல் யூனிட், ஆறரைக்கு இரண்டாவது யூனிட். மூன்று கலரில் ஸ்கெட்ச் பேனா. மூன்றாவது நாள் அந்த டைம்டேபிள் எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதில் என்ன குறை? எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கும் என்று எண்ணிப் போட்டதுதான் குறை. காய்ச்சல் வரும், கரண்ட் போகும், அறை நண்பனின் அண்ணன் ஊரிலிருந்து வருவார். இதற்கெல்லாம் அதில் இடமே இல்லை.

சுற்றுலாத் திட்டங்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. எந்த ரயில், எந்த லாட்ஜ், எந்த நாள் எந்த இடம் என்று எழுதியிருக்கும். எது நடந்தால் திரும்புவோம் என்று ஒரு வரி இருக்காது. நாங்கள் எழுதிய திட்டத்தில் பாதிப் பக்கம் அதற்குத்தான்.

முதல் கேள்வி, எப்போது போவது? பூங்கா ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் பனி. ஜூனில் போனால் பனி உருகி முடிந்திருக்காது, பூ குறைவு. செப்டம்பரில் வானம் தெளிவு, ஆனால் பூக்கள் வாடத் தொடங்கிவிடும். பூ அதிகம் பூப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. அதுதான் அங்கே கனத்த மழைக் காலமும்! பூவும் வேண்டும், மழையும் கூடாது என்றால் நடக்காது. பூ வேண்டுமென்றால் மழையையும், மழையோடு வரும் நிலச்சரிவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

நிலச்சரிவு என்பது அங்கே பேச்சுக்குச் சொல்வதில்லை. ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை சுமார் 250 கிலோமீட்டர். பெரும்பகுதி அலக்நந்தா ஆற்றங்கரையில் மலையைக் குடைந்து போட்ட சாலை. மழைக் காலத்தில் எங்காவது ஓரிடத்தில் மண் சரிந்து சில மணி நேரமோ ஒரு நாளோ அடைபடுவது சகஜம். நடைபாதை தொடங்கும் கோவிந்த்காட் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூன் வெள்ளத்தில் அங்கிருந்த பாலம் அடித்துக்கொண்டு போயிற்று, ஆயிரக்கணக்கானோர் மேலே சிக்கிக்கொண்டனர். பிறகு கட்டிய பாலம் 2025 மார்ச்சில் மலையிலிருந்து பாறைகள் உருண்டு விழுந்ததில் உடைந்தது. சிவில் மாணவர்கள் கவனிக்க வேண்டும்: 12 ஆண்டுக்குள் ஒரே இடத்தில் இரண்டு பாலம் போயிருக்கிறது. ஜோஷிமட் ஊரிலேயே 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்து நூற்றுக்கணக்கான கட்டடங்களில் விரிசல் விட்டது. ஆகவே போன வருஷம் போனவர் சொன்னதை வைத்துக்கொண்டு இந்த வருஷம் கிளம்பாதீர்கள். நான் இன்று சொல்வதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் சாலை, பாலம், பாதை மூன்றும் எப்படி இருக்கின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி, எத்தனை நாள்? நடக்க வேண்டிய நாளை மட்டும் கூட்டினால் ரிஷிகேஷிலிருந்து ரிஷிகேஷுக்கு ஆறு நாள் போதும். நாங்கள் ஒன்பது நாள் போட்டோம். ஒரு நாள் ஜோஷிமட்டில் சும்மா இருப்பதற்கு. இரண்டு நாள் எதற்கும் ஒதுக்காமல் வைத்தது. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பாடத்தில் ஃப்ளோட் என்று படித்தோமே, அதேதான். "ரெண்டு நாள் லீவை வேஸ்ட் பண்றியேடா" என்று முதலில் எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள். எங்களில் ஒருவர் மஸ்கட்டில் வேலை செய்பவர். அவருக்குக் கிடைத்ததே மொத்தம் பதினாறு நாள் விடுமுறை. அதில் பெற்றோரையும் பார்க்க வேண்டும். அவருக்கு ஒவ்வொரு நாளும் தங்கம்.

இன்னொரு நெருக்கடியும் வந்தது. கோவிந்த்காட்டிலிருந்து பத்ரிநாத் ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அது வதரியாச்சிரமம், திவ்ய தேசம். வழியில் வரும் ஜோஷிமட்டைத்தான் திருப்பிரிதி என்கிறார்கள். அதுவும் ஆழ்வார் பாடிய தலம். ஒரு நண்பரின் அம்மா, "அவ்வளவு தூரம் போறீங்க, பத்ரியை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்கப்பா" என்றார். அம்மா கேட்டால் மறுக்க முடியுமா? ஆனால் ஒன்று சேர்த்தால் ஒரு நாள் போகும். கடைசியில் இப்படி எழுதினோம்: உபரி நாள் மிச்சம் இருந்தால் பத்ரி, இல்லாவிட்டால் இல்லை. அம்மாவிடமும் அப்படியே சொல்லிவிட்டோம்.

மூன்றாவது, உயரம். இதுதான் முக்கியம், கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். ரிஷிகேஷ் கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டர் அளவில் இருக்கிறது. ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர். நாம் தங்கப்போகும் காங்காரியா என்ற சிற்றூர் சுமார் 3,050 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் பத்தில் மூன்று பங்கு வெட்டு! காங்காரியாவிலிருந்து ஏறிப் போகும் ஹேம்குண்ட் சாஹிப் என்ற சீக்கியர்களின் புனிதத் தலம் 4,000 மீட்டரையும் தாண்டியது. அங்கே 60 சதவீதம் அளவுதான்.

பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போகும் யாருக்கும் உயர நோய் வரலாம். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசாதாரணக் களைப்பு என்று தொடங்கும். உடல் வலிமை இதற்குக் காப்பு ஆகாது. ஓட்டப்பந்தய வீரனுக்கும் வரும், தொந்தி போட்டவனுக்கு வராமலும் போகும். உடம்பு மெல்ல மெல்லத்தான் பழகும். அதனால்தான் ஜோஷிமட்டில் ஒரு நாள் சும்மா இருந்தோம். 3,000 மீட்டருக்கு மேல் போனபிறகு, இரவு தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லும் விதி. காங்காரியாவில் தங்கிக்கொண்டு பகலில் ஏறி இரவுக்கு இறங்கிவிடுவதால் அது தானாகவே அமைந்துவிடுகிறது. பூங்காவுக்குள் இரவு தங்கவோ கூடாரம் போடவோ அனுமதியும் கிடையாது. முன்கூட்டி மாத்திரை சாப்பிடலாமா என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

நான்காவது, நேரக் கணக்கு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு சூத்திரம் சொன்னார். 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எளிமையான சூத்திரம். ஆனால் அது மலையில் நடந்து பழகிய ஆரோக்கியமானவர்களுக்கு. ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை செய்யும் நமக்கு அது பொருந்துமா? கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பு கொல்லிமலைக்குப் போனோம். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கி ஏற ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. ஆறு பேரையும் கைக்கடிகாரம் வைத்து அளந்தோம். எல்லோரிலும் மெதுவாக வந்தவருக்குச் சூத்திரம் சொன்னதைப்போல ஒன்றரை மடங்கு ஆயிற்று. சராசரியை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில்தானே? அந்த ஒன்றரையோடு உயரத்துக்காகக் கால் சேர்த்து, ஒன்றே முக்கால் என்று வைத்துக்கொண்டோம்.

கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஜீப் போகிறது. அங்கிருந்து காங்காரியா சுமார் 10 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். சூத்திரப்படி 3 மணி 40 நிமிடம். ஒன்றே முக்காலால் பெருக்கினால் ஏறக்குறைய ஆறரை மணி. உண்மையில் எங்களுக்கு ஆனது 6 மணி 40 நிமிடம். காலை ஏழுக்குப் புறப்பட்டதால் பகல் இரண்டுக்குள் சேர்ந்துவிட்டோம். சூத்திரத்தை மட்டும் நம்பி, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பியிருந்தால் இருட்டிவிடும்.

1,000 மீட்டர் ஏற்றம் என்றால் எவ்வளவு என்று மனதில் படவில்லையா? நம் விடுதி மொட்டை மாடியிலிருந்து தெரிகிறதே மலைக்கோட்டை, அதன் உயரம் 83 மீட்டர். அதைப் பன்னிரண்டு முறை அடுக்கி வைத்தால் 1,000 மீட்டர். அதனால் இன்றே படியேறத் தொடங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம்தான் முழங்காலை வாங்கும். எங்களில் ஒருவருக்கு விடுதிக் கிரிக்கெட்டில் அடிபட்ட முழங்கால். நான்கு மாதம் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் முதுகில் பையோடு ஏறி இறங்கினார். லிஃப்ட் இருக்க இந்த மனிதர் ஏன் படியில் போகிறார் என்று வாட்ச்மேன் வீட்டுக்காரம்மாவிடமே விசாரித்தாராம்!

சாமான் பட்டியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புது ஷூவோடு மலைக்குப் போகாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் போட்டு நடந்து பழகிய ஷூ வேண்டும். ஜீன்ஸ், பருத்தித் துணி இரண்டும் நனைந்தால் காயாது, குளிரும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். ரிஷிகேஷில் 32 டிகிரி என்றால் காங்காரியாவில் பகலிலேயே 15 டிகிரி அளவுதான். அதில் நனைந்து நிற்பது விளையாட்டில்லை. பையையும் சேர்த்து மூடும் மழைக் கோட்டு வேண்டும். மாற்றுடையை பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பைக்குள் வையுங்கள். பணத்தை நோட்டாகக் கையில் வையுங்கள். செல்போன் சிக்னல் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எதையும் திட்டமிடாதீர்கள். ஹேம்குண்ட் பாதையில் கோவேறு கழுதை கிடைக்கும். மலர்ப் பள்ளத்தாக்குக்குள் அவற்றுக்கு அனுமதி இல்லை. முடியாதவர்கள் இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

வனத்துறை அனுமதி. இதை ஏதோ சம்பிரதாயம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2018 மார்ச்சில் நம் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் என்ன நடந்தது என்று இங்கே பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் உங்களையும் என்னையும் போன்ற இளைஞர்கள், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அதன் பிறகுதான் நம் மாநிலத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. யார் உள்ளே போயிருக்கிறார்கள், எத்தனை பேர், எந்த வழி என்று வெளியே ஒருவருக்குத் தெரிந்திருந்தால்தான் ஆபத்தில் தேடி வர முடியும். அனுமதிச் சீட்டின் அருமை அதுதான். காய்ந்த புல் இருக்கும் மாதத்தில் "இப்போ வேண்டாம்" என்று ஒரு வன அலுவலர் சொன்னால், அவர் நம் பயணத்தைக் கெடுக்கிறார் என்று எண்ணக் கூடாது.

இப்போது அந்த முழுத்தாளுக்கு வருகிறேன். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு வீடியோ காலில் ஆறு பேரும் கூடி, ஒரே ஒரு முழுத்தாளில் ஐந்து விதி எழுதினோம். பிறகு ரிஷிகேஷில் கூடியபோது ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

ஒன்று, திரும்பும் நேரம். பள்ளத்தாக்கில் பகல் 1 மணி, ஹேம்குண்ட் ஏற்றத்தில் பகல் 12 மணி. அந்த நேரத்தில் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். கோயில் வாசல் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. ஹேம்குண்டிலும் இரவு தங்க முடியாது, பகல் இரண்டு மணிக்குள் எல்லோரையும் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு, உடம்பு. தலைவலியோடு வாந்தி, தலைசுற்றல், மிகுந்த களைப்பு இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அவர் மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால் கீழே இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே இறங்க வேண்டும், எந்த நேரமானாலும்.

மூன்று, யாரும் தனியாக இல்லை. இறங்குகிறவரோடு ஒருவர் கண்டிப்பாகப் போக வேண்டும். நடக்கும்போது மெதுவானவர்தான் முன்னால்.

நான்கு, மலைச் சாலையில் இரவுப் பயணம் கிடையாது. போலீசாரோ வனத்துறையினரோ வேண்டாம் என்றால் வாதாடக் கூடாது.

ஐந்தாவது விதிதான் முக்கியமானது. ஏறுவதற்கு, ஏறப்போகிற எல்லோருடைய ஓட்டும் வேண்டும். இறங்குவதற்கு ஒரே ஒரு ஓட்டு போதும்.

எழுதும்போது எல்லோரும் சிரித்தார்கள். "பார்லிமென்ட் நடத்துறான்டா" என்று என்னைக் கேலி செய்தார்கள். காங்காரியாவில் அது சிரிப்பாக இல்லை.

நான்காம் நாள் பள்ளத்தாக்குக்குப் போனோம். காங்காரியாவிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் போனால் பள்ளத்தாக்கு விரிகிறது. ஹேம்குண்டைவிடத் தாழ்வானது என்பதால்தான் அதை முதல் நாளில் வைத்தோம். லேசான தூறல். இடுப்பளவுக்குப் பூச்செடிகள், ஊதா, மஞ்சள், வெள்ளை என்று. மேகம் விலகும்போது மட்டும் எதிரே பனிமலை. அந்த அழகை வர்ணிக்க எனக்குத் திறமை போதாது, நீங்களே போய்ப் பாருங்கள். ஒரு மணிக்கு அலாரம் அடித்தது. இன்னும் அரை மணி உட்காரலாமே என்று எல்லோருக்கும் ஆசைதான். காகிதத்தில் எழுதியிருந்ததால் யாரும் யாரோடும் விவாதிக்கவில்லை. எழுந்து திரும்பினோம்.

அன்று மாலை எங்களில் ஒருவருக்குத் தலைவலி. யாருக்குத் தெரியுமா? கல்லூரி நாளில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் பதக்கம் வாங்கியவர், ஆறு பேரிலும் பலசாலி, மஸ்கட்காரர். ராத்திரி இரண்டு முறை வாந்தி. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"எங்கடா கிளம்பற?"

"ஹேம்குண்டுக்கு. ஒரு மாத்திரை போட்டுட்டேன். நடந்தா சரியாயிடும்."

"தலைவலி இருக்கா இல்லையா?"

"இருக்கு. அதுக்கென்ன? மூணாவது வருஷத்துலேருந்து பேசிட்டிருக்கோம் இந்த ட்ரிப்பை. இனிமே எனக்கு எப்ப லீவு கிடைக்கும்னு நினைக்கிறே? அடுத்த தடவை ஆறு பேரும் ஒண்ணா வருவோமா?"

அவர் கேட்டதில் எதற்கும் எங்களிடம் பதில் இல்லை. நியாயமான கேள்விகள். தலைவலியோடு இருப்பவனிடம் உயர நோயைப் பற்றி லெக்சர் அடிக்க முடியுமா? நட்பு என்று பார்த்தால் "சரி வாடா, மெதுவாப் போலாம்" என்று சொல்லத்தான் வாய் வரும். அந்த நேரத்தில் எங்கள் முழங்கால் நண்பர் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாவது விதி. கீழே மூன்றாவதாக அவருடைய கையெழுத்து.

ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் சைன் பண்ணது வேற ஆளு" என்றார்.

"ஆமா. அவன் தலைவலி இல்லாம யோசிச்சவன்" என்றார் இவர்.

ஷூவைக் கழற்றவில்லை. ஆனால் கீழ்நோக்கி நடந்தார். நான் அவரோடு இறங்கினேன். மற்ற நான்கு பேரும் கலந்து பேசி மேலே ஏறினார்கள். வழி முழுக்க என்னிடம் அவர் பேசவில்லை, கோபம். புல்னாவை நெருங்கும்போது, "பசிக்குதுடா" என்றார். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த நல்ல சொல் அதுதான்! சாயங்காலம் ஜோஷிமட்டில் தலைவலி போய்விட்டது. உயரம் குறைந்தால் குணமாகும் நோய் அது. உயரத்திலேயே பிடிவாதமாக உட்கார்ந்தால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிரையே வாங்கக்கூடிய நோயும் அதுதான். மருந்தைத் தேடி அலைய வேண்டாம், கீழே போகும் பாதைதான் மருந்து.

நான்கு பேரும் ஹேம்குண்ட் ஏரிக் கரையில் 11 மணி 20 நிமிடத்துக்கு நின்றார்கள். முழங்கால் நண்பர் பாதி தூரம் கோவேறு கழுதையில், மீதி தூரம் நடந்து. பாறை இடுக்கில் பிரம்ம கமலம் பூத்திருப்பதைப் படம் எடுத்து வந்தார்கள். மறுநாள் அவர்களும் ஜோஷிமட் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் இருவரும் ஹேம்குண்டைப் பார்க்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தோம்.

உபரி நாளில் பத்ரிக்குப் போகலாம் என்று உற்சாகமாகத் தூங்கினோம். ராத்திரி முழுக்க மழை. காலையில் மேலே போகும் சாலையும் அடைப்பு, கீழே போகும் சாலையும் அடைப்பு. மறுநாள் மாலைதான் வழி விட்டார்கள். இரவுப் பயணம் கூடாது என்ற விதிப்படி இன்னும் ஓர் இரவு தங்கி, ஒன்பதாம் நாள் விடியற்காலை கிளம்பி இரவுக்குள் ரிஷிகேஷ் வந்து, மறுநாள் ஹரித்வாரில் ரயிலைப் பிடித்தோம். வேஸ்ட் என்று சண்டை போட்ட இரண்டு நாளும் அந்தச் சாலையிலேயே செலவாகிவிட்டன. அவை இல்லையென்றால் மஸ்கட்காரர் விமானத்தையும் விட்டிருப்பார், பெற்றோரையும் பார்த்திருக்க மாட்டார். பத்ரி பெருமாள் அடுத்த தடவைக்குக் காத்திருக்கிறார். நண்பரின் அம்மா, "நீங்க ஆறு பேரும் முழுசா வந்ததே போதும்ப்பா" என்றார்.

மாணவ நண்பர்களே, தைரியமான முடிவை மலையில் எடுப்பது கடினம். களைப்பு, குளிர், செலவு செய்த பணம், நண்பர்கள் முன்னால் கௌரவம் எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் தள்ளும், மேலே என்று. ஆகவே திரும்பும் முடிவை ஊரிலேயே, வயிறு நிறைந்து, தலை தெளிவாக இருக்கும்போது எடுத்துவிடுங்கள். எழுதி வையுங்கள். கையெழுத்துப் போடுங்கள். மலையில் அதைப் படித்தால் மட்டும் போதும்.

நேரே இமயமலைக்கு ஓட வேண்டும் என்பதும் இல்லை. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு முறையில், வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது. அதில் ஒன்றிரண்டில் நடந்து, உங்கள் குழுவில் மெதுவானவர் யார், அவருக்கு எத்தனை மடங்கு நேரம் ஆகிறது என்று அளந்துகொண்டு பிறகு வடக்கே போங்கள். எங்கள் முழுத்தாளின் நகல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் வெளியே கிளம்புகிறவர் "போறேன்" என்று சொன்னால் பெரியவர்கள் விடமாட்டார்கள். "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்பார்கள். பயணத் திட்டத்தில் அந்த இரண்டாவது சொல்லுக்கும் பாதிப் பக்கம் ஒதுக்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

எல்லோரும் போய் வாருங்கள்.